ஹார்ட் என்றால் ஆண் மான்

என் வீட்டுக்காரருக்கு இப்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல். அதுவும் தமிழ்ச் சொல் இல்லை. 'ஹார்ட்'. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஹார்ட், படுக்கை நனைந்துவிட்டாலும் ஹார்ட், காலையில் நான் ஜன்னலைத் திறந்து வெயில் முகத்தில் அடித்தால் அதற்கும் ஹார்ட். இத்தனைக்கும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதி அலுவலகத்தில் உட்கார்ந்தே தலை நரைத்த மனுஷன். ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் எழுதியவருக்கு இன்றைக்கு எல்லாப் பொருளுக்கும் ஒரே சொல். இப்படியும் ஒரு தலையெழுத்து இருக்குமா?

தெருவில் அவரை 'அகராதிக்காரர்' என்பார்கள். என்னை 'அகராதி பிடிச்சவ' என்பார்கள். அது அவருடைய வேலையால் வந்த பெயர் இல்லை, என் வாயால் வந்தது. முன்னறையில் தையல் மெஷின் போட்டு பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடச் சீருடையைப் பிரித்துத் தைப்பது என்று காலம் தள்ளுகிறவள் நான். 'நாளைக்குத் தர்றேன்' என்றால் நாளைக்குத் தருவேன், நடுவில் வந்து நச்சரித்தால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். அவரோ ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் ஒன்பது தடவை யோசிப்பார். சாப்பிட்டு எழுந்து 'நல்லா இருந்துச்சு' என்று அவர் வாயிலிருந்து வருவது குதிரைக்கொம்பு. நானே வெட்கத்தை விட்டுக் கேட்டால், "எது நல்லா இருந்துச்சான்னு கேக்கற? சுவையா, பதமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று. மருத்துவமனையில் கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்து, இல்லை, என் பக்கமாகப் பார்த்து, தெளிவாக, உச்சரிப்புச் சுத்தமாகச் சொன்னார்: "ஹார்ட்."

எல்லோரும் பதறிப்போனோம். என் மகள் ஓடிப்போய் நர்சைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டார். நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள், ஜெல்லைத் தடவிப் படம் பிடித்தார்கள், கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவர் விடாமல் ஹார்ட், ஹார்ட் என்றார். இதய டாக்டர் வந்தார். எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, "அம்மா, இவருக்கு இதயம் கல்லு மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல" என்றார்.

"கல்லு மாதிரி இருக்கறது எனக்கு முன்னாடியே தெரியும் டாக்டர், வலிக்குதான்னுதான் கேக்கறேன்" என்றேன். அந்த நிலைமையிலும் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு தடவை அழைத்துப் போனோம். இரண்டாம் தடவை டாக்டர் எங்களைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பொறுமைசாலி. 'ஆ' சொல்லுங்க, 'மா' சொல்லுங்க என்று கெஞ்சினாள். அவர் எல்லாவற்றுக்கும் ஹார்ட் என்றார். போகும்போது என்னைத் தனியாக அழைத்து, "அம்மா, அதை ஒரு சொல்லுன்னு எடுத்துக்காதீங்க. பேச்சு மொத்தமா போகும்போது சில பேருக்கு ஒண்ணு மட்டும் நாக்குல ஒட்டிக்கும். அதுக்கு அர்த்தம் கிடையாது. அவர் சொல்றது அவருக்கே கேக்குதான்னுகூட சொல்ல முடியாது" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அர்த்தம் இல்லாம ஒரு வார்த்தை பேசாத மனுஷன்டி அவர்! நீ உன் வேலையைப் பாரு" என்று கத்திவிட்டேன். முன்பின் தெரியாத பெண்ணை 'டி' போட்டுவிட்டேன். பாவம், அவள் பட அட்டைகள் இருந்த பையை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை.

இதற்கிடையில் என் இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்தது. அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், புரட்டிப் போட வேண்டும், நாற்காலிக்கு மாற்ற வேண்டும். ஆள் ஒல்லி என்று பேரே தவிர, தளர்ந்த உடம்பு இரும்பாகக் கனக்கும். ஒருநாள் அவரோடு சேர்ந்து நானும் தரையில் விழுந்து, எழ முடியாமல் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். பேன்ட் வாங்க வந்தவர்தான் எங்களைத் தூக்கிவிட்டார். செய்தி மகளுக்குப் போய்விட்டது.

அவள் வந்தாள். நல்லவள்தான், நான் பெற்றவள் இல்லையா, சுற்றி வளைக்கத் தெரியாது. "அம்மா, ஒரு பராமரிப்பு இல்லத்துல இடம் காலியா இருக்கு. சுத்தமா இருக்கு, நான் போய்ப் பார்த்துட்டேன். தூக்கறதுக்கு ஆள் இருக்காங்க. அப்பாவை அங்க விட்டுடலாம். நீ வாராவாரம் போய்ப் பாரு."

"போடி இவளே. உங்கப்பா என்ன பழைய பீரோவா, எடம் மாத்தி வைக்கறதுக்கு?"

"நீயும் படுத்துட்டா ரெண்டு பேரையும் யாரும்மா பார்ப்பா?" என்று கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவருக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதாம்மா. தெரியவா போகுது?"

அந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது. தெரியுமா, தெரியாதா? இது அவருடைய வீடு, மெஷின் சத்தம் என்னுடையது, தலையணை உறை நான் தைத்தது என்று அவருக்குத் தெரிந்தால், யார் வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டேன். என் இடுப்பு ஒடிந்தாலும் சரி. தெரியாது என்றால், அதற்குமேல் நான் எதைச் சொல்லி அவரைப் பிடித்து வைத்துக்கொள்வது? "மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்மா, இடம் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த நேரத்தில்தான் காற்புள்ளி வந்தார். அகராதி அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். ஒவ்வொரு வாக்கியத்திலும் நான்கு இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டுப் பேசுவார் என்பதால் என் வீட்டுக்காரர் வைத்த பெயர். மனுஷர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள், இவர் ஒரு கட்டுப் பென்சில் வாங்கி வந்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கி வைத்தேன்.

அவரைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "ஹார்ட்" என்றார்.

"இதேதாங்க எப்பப் பாத்தாலும். நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காதே புளிச்சுப்போச்சு" என்றேன்.

காற்புள்ளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். "அண்ணி, அது, இதயம் இல்ல. மான்!"

"என்னது?"

"மான், அண்ணி. ஆண் மான். அதுக்கும் ஆங்கிலத்துல, ஹார்ட்தான். எழுத்து வேற, சத்தம் ஒண்ணு. அண்ணன் விழுறதுக்கு முந்தின நாள், நாங்க ரெண்டு பேரும், அந்தச் சொல்லுலதான் நின்னுட்டிருந்தோம். மத்தியானம் முழுக்கச் சண்டை. நான் 'ஆண் மான்'னு போட்டாப் போதும்னேன். அவர் ஒத்துக்கல. 'காலையில வந்து முடிக்கறேன்'னு, எழுந்து போனாரு."

தமிழில் எழுதிப் பார்த்தேன் மனசுக்குள். ஹார்ட். ஹார்ட். இரண்டுக்கும் அதே எழுத்து, அதே புள்ளி. தமிழில் கேட்கிற நாங்கள் எல்லோரும் இதயத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் என்ன ஆச்சரியம்? மனுஷன் பாதியில் விட்ட வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நாங்கள் ஊசி குத்திக்கொண்டிருந்திருக்கிறோம். ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது பாருங்கள், அதைச் சொல்லி முடியாது. அர்த்தம் இருக்கிறது! அவர் உள்ளேதான் இருக்கிறார்!

அதற்குப் பிறகு காற்புள்ளி அடிக்கடி வந்தார். நான் மெஷினை மிதித்துக்கொண்டே கேள்வி கேட்பேன், அவர் மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொல்வார். என் வீட்டுக்காரர் எதிரே நாற்காலியில் சாய்ந்திருப்பார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருடைய வேலையைப் பற்றி நான் இவ்வளவு தெரிந்துகொண்டதில்லை.

"அதுல என்னங்க மத்தியானம் முழுக்கச் சண்டை போட இருக்கு?"

"இருக்கு, அண்ணி. எல்லா ஆண் மானும், ஹார்ட் இல்ல. சிவப்பு மான்னு, ஒரு வகை. அதுவும், அஞ்சு வயசு தாண்டணும். கொம்பு கிளைச்சு, உச்சியில கிரீடம் மாதிரி வந்த பிறகுதான், அந்தப் பேரு. அந்தச் சொல்லோட வேரே, கொம்புதான். கொம்புள்ளதுன்னு அர்த்தம்."

"ஓஹோ. அதான் உங்க அண்ணனுக்குக் கொம்பு முளைச்ச மாதிரி ஒரு நடப்பு" என்றேன். காற்புள்ளி சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன். வாயின் இடது ஓரம் கொஞ்சம் மேலே போயிற்று.

இதயம் என்கிற ஹார்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். "பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி. ஒரே சாயல், ஒரே ரத்தம் இல்ல" என்றார். ஆண் மானுக்கு இன்றைக்கு இங்கிலீஷ்காரர்கள் 'ஸ்டாக்' என்கிறார்களாம். ஹார்ட் என்பது பழைய பாட்டுகளிலும் அந்த ஊர் விடுதிகளின் பெயர்ப்பலகைகளிலும் மட்டும் இருக்கிறதாம். 'பக்' என்று இன்னொன்று உண்டு, அது முதலில் ஆட்டுக்கிடாய்க்கு இருந்த பெயராம். மானைச் சொல்கிற 'டீர்' என்பதே ஒரு காலத்தில் எந்த மிருகத்துக்கும் பொதுப்பெயராம். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, ஜிப் மாற்ற வந்த பெண்களிடம்கூட நான் எடுத்துவிட ஆரம்பித்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, தமிழ்ல என்ன போடணும்னாரு உங்க அண்ணன்?"

"கலை."

"கலையா? ஆடறது பாடறது?"

"அது வேற. பழைய தமிழ்ல, ஆண் மானுக்குக் கலைன்னு பேரு. பெண் மானுக்குப் பிணை. அண்ணன், 'கலை'ன்னுதான் போடணும்னாரு. இந்தக் காலத்துல, யாருக்குப் புரியும்னு, நான் கேட்டேன்."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். "நல்லாத்தான் பேரு வெச்சிருக்காங்க. ஆம்பளைன்னா கலைஞ்சு போறது, பொம்பளைன்னா பிணைச்சுப் பிடிச்சுக்கறது. அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றேன். காற்புள்ளி இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் "ஹார்ட்" என்றார். "ஆமாங்க, கலைதான். உங்க இஷ்டப்படியே போட்டுடலாம்" என்று அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன்.

ஆனால் மகளிடம் இதைச் சொன்னால் நம்ப வேண்டுமே. போனில் சொன்னபோது, "அது சரிம்மா, அவர் மானைச் சொல்றாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. அப்போதுதான் பேச்சுப் பயிற்சிப் பெண் விட்டுப்போன பை நினைவுக்கு வந்தது. அட்டைகளில் ஒரு மான் இருந்தது, நல்ல கிளைக்கொம்போடு. குடைப் படம் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். இதயப் படம் இல்லை. சிவப்பு லைனிங் துணியில் நானே ஒன்று வெட்டி, அட்டையில் ஒட்டினேன்.

நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகையைப் போட்டு மூன்றையும் வரிசையாக வைத்தேன். அவருடைய இடது கைப்பக்கம் மான், நடுவில் இதயம், அந்தப் பக்கம் குடை. "என்னங்க, ஹார்ட் எது? தொட்டுக் காட்டுங்க பார்ப்போம்" என்றேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட எனக்கு இப்படிப் படபடக்கவில்லை.

அவர் பலகையைப் பார்த்தார். நல்ல கை மெதுவாக எழுந்தது. இதயத்துக்குப் போகவில்லை. மானின் மேல் போய் உட்கார்ந்தது.

ஓவென்று அழுதேன். மெஷின் மேல் தலையை வைத்து, தைக்கக் கொடுத்த யாரோ ஒருவர் பேன்ட்டில் மூக்கைச் சிந்தி அழுதேன். பிறகு மகளுக்குப் போன் போட்டேன். "இதயம் பக்கத்துலயே இருக்கு, அதைத் தொடலடி! மானைத்தான் தொட்டாரு! இப்ப சொல்லு, தெரியுமா தெரியாதா?" அந்தப் பக்கம் அவளும் அழுவது கேட்டது. "ஞாயித்துக்கிழமை வர்றோம்மா. நான் கண்ணால பாக்கணும்" என்றாள்.

தினமும் வைத்துப் பார்த்தேன். தினமும் மான்தான். சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெரிய திரைச்சீலையை உதறியபோது அட்டைகள் பறந்து தரையில் விழுந்தன. பொறுக்கி எடுத்துப் பலகையில் போட்டுவிட்டு, "எங்க, காட்டுங்க" என்றேன். கை எழுந்தது. குடையின் மேல் உட்கார்ந்தது.

"என்னங்க, விளையாடறீங்களா? சரியாப் பாருங்க." மறுபடியும் குடை.

குடை அவருடைய இடது கைப்பக்கம் இருந்தது. குடையை எடுத்து அந்த இடத்தில் இதயத்தை வைத்தேன். இதயத்தைத் தொட்டார். இதயத்தை எடுத்து என் கத்தரிக்கோலை வைத்தேன். கத்தரிக்கோலைத் தொட்டார். மானை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் நகர்த்தினேன். ஒரு அளவுக்குமேல் அவர் கண் அதன் பின்னால் வரவில்லை. மான் அங்கே இல்லவே இல்லை என்பது போல இருந்தார். தட்டில் வலது பக்கச் சாப்பாட்டை எப்போதும் மீதி வைக்கிறாரே என்று நான் திட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் விளங்கியது. அவருக்கு உலகத்தில் பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதியில் எது இருந்தாலும் கை போகிறது. அவ்வளவுதான்.

"ஹார்ட்" என்றார் கத்தரிக்கோலைத் தொட்டுக்கொண்டு.

அந்தப் பெண்ணுக்கு, பேச்சுப் பயிற்சி கொடுத்தவளுக்கு, போன் போட்டேன். என்ன நினைத்துக்கொண்டாளோ, எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். "கஷ்டமா இருக்கும்மா" என்றாள். நான் கேட்க நினைத்தது வேறு. ஒரு சதவீதமாவது, ஒரு ஓரத்திலாவது அவருக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகளும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். காற்புள்ளியும் வந்தார், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஏதோ பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர் மாதிரி. மகள் அப்பாவுக்குப் புதுப் போர்வை வாங்கி வந்திருந்தாள். அது அந்த இல்லத்துக்குக் கொடுத்தனுப்ப வாங்கியதா, இங்கே போர்த்துவதற்கா என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் அவளுடைய பைக்குள் இருப்பது திறந்திருந்த ஜிப் வழியாகத் தெரிந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நம்புங்கள். 'ஒண்ணுமில்லடி, நான்தான் ஏமாந்துட்டேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பா" என்றாள். அந்த இல்லத்துப் பெயரையும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்று மட்டும்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பலகையை எடுத்து நாற்காலியில் போட்டேன்.

மானை அவருடைய இடது கைப்பக்கம் வைத்தேன்.

அவர் தொட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். காற்புள்ளி கைதட்டியே விட்டார். மாப்பிள்ளை கட்டட இன்ஜினியர், எதையும் அளந்து பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை. "இன்னொரு தடவை பாக்கலாமா அத்தை?" என்றார். "பாருங்களேன், யாரு வேணாங்கறா?" என்று மூன்றையும் சேர்த்து எடுத்து, கலைத்து, மறுபடி வைத்தேன். இந்தத் தடவை நடுவில் குடை, அந்தக் கடைசியில் இதயம். மான் அதே இடத்தில். என் கை நடுங்கவே இல்லை. துணி வெட்டும்போது கை எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

அவர் மானைத் தொட்டு, "ஹார்ட்" என்றார்.

"நான் ஒரு தடவை வைக்கறேன் அத்தை" என்று மாப்பிள்ளை பலகைக்குக் கையை நீட்டினார். என் உயிர் போய் உயிர் வந்தது. "போதும் விடுங்க" என்று மகள் அவர் கையைத் தட்டிவிட்டாள். "எங்கப்பாவுக்கு நீங்க ஒண்ணும் பரீட்சை வைக்க வேண்டாம்." பிறகு அப்பாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கப்பா. உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டேன். எல்லாம் கேட்டுட்டுதானே இருந்திருக்கீங்க. ஐயோ, எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் உங்களுக்கு."

"ஹார்ட்" என்றார் அவர்.

"ஆமாம்பா. ஆண் மான். கலை. அம்மா எல்லாம் சொன்னாங்க."

அவளே தன் பையிலிருந்து காகிதங்களை எடுத்து நான்காகக் கிழித்தாள். மாப்பிள்ளை எனக்கு உதவிக்கு ஒரு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். இனிமேல் அவள் வரும்போதெல்லாம் அவரிடம் ஊர்க்கதை எல்லாம் சொல்வாள், அவர் ஹார்ட் என்பார், அவள் புரிந்துகொள்வாள். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதை அப்போதே நினைத்துப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு காற்புள்ளி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. மனுஷருக்குப் பிழை கண்டுபிடித்துத்தானே பிழைப்பு.

"அண்ணி," என்றார். நிறுத்தினார். "மான், ரெண்டு தடவையும், ஒரே இடத்துலதான் இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்படியா" என்று தானே சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. "கலைன்னே போட்டுடச் சொல்றேன், அண்ணி. அதுல மாத்தம் இல்ல" என்றார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. வர மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஜெயித்துவிட்டேன். அவரை யாரும் எங்கேயும் கொண்டுபோக மாட்டார்கள். என் வீட்டில், என் மெஷினுக்கு எதிரே, நான் தைத்த உறை போட்ட தலையணையில் சாய்ந்திருக்கிறார். யாருக்காக இத்தனையும் பிடித்து வைத்துக்கொண்டேனோ அந்த ஆள்தான் இல்லை.

பலகையை எடுத்தேன். அட்டைகளைப் பையில் போட்டேன். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்போதும் மெஷினுக்கு வசதியாக இருக்குமென்று அவருடைய வலது பக்கம்தான் உட்காருவேன். இத்தனை மாதமும் அந்தப் பக்கமிருந்துதான் பேசியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், மானைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் இடது பக்கம் போட்டேன்.

"என்னங்க" என்றேன்.

அவர் திரும்பினார். கண் என்மேல் நின்றது. கை மெதுவாக எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டது. அது ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் குடை இருந்திருந்தால் குடையைத் தொட்டிருக்கும். தெரிந்தும் நான் முகத்தை நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.